வேர் முடிச்சுக்குள் போன ரைசோபியத்தின் மேலுறை ஏன் மாறுகிறது? பட்டாணியை வைத்துப் பேசுவோம்

ஈரமண் | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். பாடப் புத்தகத்தில், பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் கதை எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. வேர் ஃபிளேவனாய்டு என்ற அழைப்புப் பொருளைச் சுரக்கும், பதிலுக்கு பாக்டீரியா முடிச்சைத் தூண்டும் நாட் காரணியைச் சுரக்கும், வேர்த்தூவி சுருளும், தொற்று இழை உருவாகும், அதன் வழியாக உள்ளே போன பாக்டீரியா பாக்டீராய்டு என்ற உள்வாழ் வடிவமாக மாறி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவில் நிலைப்படுத்தும். அவ்வளவுதான், அடுத்த பாடம்.

போன வாரம் வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில், "உள்ளே போனதும் அதன் செல் மேற்பரப்பே வேறாகிவிடும்" என்று ஒரு வரி சொன்னார். அது மனதில் தங்கிவிட்டது. மேற்பரப்பில் எது மாறுகிறது? யார் மாற்றுகிறார்கள், செடியா பாக்டீரியாவா? நான் நினைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பாம்பு சட்டை உரிப்பது போல பழைய உறையைக் கழற்றிவிட்டு, செடியின் எதிர்ப்பு சக்திக்குத் தெரியாதபடி வேறொரு வேடம் போட்டுக்கொள்கிறது. இது சரியா?

வெளிச்சவ்வு | ஞாயிறு, இரவு 10.45

ஈரமண், என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இந்த மேலுறையோடுதான் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைசோபியம் கிராம் நெகட்டிவ் வகை. உள்சவ்வு, அதற்கு மேல் மெல்லிய செல் சுவர், அதற்கும் மேல் வெளிச்சவ்வு. அந்த வெளிச்சவ்வின் மேல்பக்கம் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு, நெருக்கி நட்ட நாற்று மாதிரி வரிசையாக நிற்கிறது. இனி எல்பிஎஸ் என்றே சொல்கிறேன். நாற்றின் வேர்ப்பகுதி லிப்பிட் ஏ, அதன் கொழுப்பு அமில வால்கள்தான் சவ்வுக்குள் ஊன்றியிருக்கின்றன. நடுத்தண்டு சில சர்க்கரைகளால் ஆன மையப்பகுதி. மேலே காற்றில் ஆடும் தோகை, ஓ-ஆன்டிஜென் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி.

ரைசோபியத்தின் லிப்பிட் ஏ மற்றவற்றைப் போல் இருக்காது. குடலில் வாழும் ஈ.கோலையின் லிப்பிட் ஏ-யில் கொழுப்பு அமில வால்கள் 12, 14 கார்பன் நீளம்தான். ரைசோபியத்தில் அவற்றோடு 28 கார்பன் நீளமுள்ள ஒரு வால் கூடுதலாக இருக்கிறது. வெளிச்சவ்வின் இரண்டு அடுக்கையும் ஊடுருவிப் போகிற அளவு நீளம் அது. பட்டாணியில் வாழும் ரைசோபியம் லெகுமினோசாரத்தில் இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஈ.கோலையின் லிப்பிட் ஏ-யில் இருக்கும் பாஸ்பேட்டுகள் இதில் கிடையாது.

சரி, மாற்றத்துக்கு வருவோம். 1980களில் இங்கிலாந்தின் நார்விச்சில், ஜான் இன்னெஸ் நிறுவனத்தில், பட்டாணி முடிச்சிலிருந்து எடுத்த பாக்டீராய்டுகளுக்கு எதிராக ஒற்றைக்குளோன் எதிர்ப்பொருள்கள் (ஒரு குறிப்பிட்ட இலக்கை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) தயாரித்தார்கள். அதில் மேக் 203 என்ற ஒன்று பாக்டீராய்டின் எல்பிஎஸ்ஸை நன்றாகப் பிடித்தது. அதே பாக்டீரியாவை வழக்கமான முறையில் குடுவையில் வளர்த்தால் பிடிக்கவில்லை. அப்புறம் குடுவையில் ஆக்சிஜனைக் குறைத்தார்கள், அல்லது ஊடகத்தின் அமிலத்தன்மையைக் கூட்டினார்கள். பிடித்துக்கொண்டது. 1989இல் கானன்பெர்க்கும் ப்ரூயினும் இதை வெளியிட்டார்கள். அதாவது செடியே இல்லாத இடத்தில், முடிச்சின் உள்ளே நிலவும் சூழலை மட்டும் கொடுத்தாலே மேலுறை மாறத் தொடங்குகிறது. மாறும் திறன் பாக்டீரியாவிடமே இருக்கிறது, செடி அமைத்துத் தருவது அந்தச் சூழலை.

எவ்வளவு குறைவான ஆக்சிஜன் என்று கேட்பீர்கள். காற்று பட்டுக்கொண்டிருக்கும் நீரில் சுமார் 250 மைக்ரோமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். வேலை செய்யும் முடிச்சின் நடுப்பகுதியில் கட்டற்ற ஆக்சிஜன் சில பத்து நானோமோலார்தான். ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. நைட்ரஜனை நிலைப்படுத்தும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும், அதனால் செடி, நம் ரத்தத்து ஹீமோகுளோபின் போன்ற லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தைக் கொண்டு ஆக்சிஜனைக் கட்டி வைத்து அளந்து அளந்து கொடுக்கிறது. முடிச்சை வெட்டினால் தெரியும் சிவப்பு அதுதான்.

2001இல் கானன்பெர்க்கும் கார்ல்சனும் செய்த வேலையைத்தான் நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். எல்பிஎஸ்ஸைப் பிரித்தெடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு: செல்களை நீரும் பீனாலும் கலந்து சுமார் 68 டிகிரியில் சூடாக்கி, குளிரவைத்துச் சுழற்றினால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே நீர், கீழே பீனால். சாதாரணமாக எல்பிஎஸ் மேலே நீரில் வந்துவிடும், ஏனென்றால் அதன் சர்க்கரைத் தோகை நீரை விரும்பும். ரைசோபியம் லெகுமினோசாரத்தின் 3841 என்ற ரகத்தைக் குடுவையில் வளர்த்து எடுத்தபோது பெரும்பகுதி நீரில்தான் வந்தது. குறைந்த ஆக்சிஜனிலோ அமிலத்திலோ வளர்த்தபோதும், பட்டாணி முடிச்சிலிருந்தே எடுத்தபோதும், அதிகப் பங்கு கீழே பீனாலுக்குள் போய்விட்டது. அங்கே போனதை ஆராய்ந்தால், சர்க்கரைகளில் மெத்தில், அசிட்டைல் தொகுதிகள் கூடியிருக்கின்றன. சைலோஸ், குளுக்கோஸ், மேனோஸ் கூடியிருக்கின்றன. லிப்பிட் ஏ-யில் நீண்ட வால் கொழுப்பு அமிலமும் கூடியிருக்கிறது. எல்லாம் ஒரே திசை: நீரை விரும்பிய மேற்பரப்பு நீர் ஒட்டாத மேற்பரப்பாகிறது. முழுச் செல்லை எடுத்துப் பார்த்தாலும் அப்படியே, எண்ணெய் மாதிரியான ஹைட்ரோகார்பனோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. முதல் முறை நான் முடிச்சிலிருந்து எல்பிஎஸ் எடுத்தபோது, ஆய்வகத்தில் எழுதி வைத்திருந்த செய்முறையில் இருந்தபடி மேல் அடுக்கைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கீழ் அடுக்கைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிட்டேன். மூன்று வாரம் வளர்த்த செடிகள், முந்நூறு முடிச்சுகளுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தது. மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. செல் உடையவில்லையோ, பீனால் பழசோ என்று என்னென்னவோ யோசித்தேன். நான் தேடிய பொருள் கழிவுப் பாட்டிலில் இருந்தது. அன்றைக்கு மிகவும் வருந்தினேன். ஆனால் 'நீர் ஒட்டாத மேற்பரப்பு' என்ற சொல் எனக்கு உண்மையில் புரிந்ததும் அன்றைக்குத்தான்.

செம்மண்காடு | திங்கள், காலை 6.10

ஐயா, நான் விழுப்புரம் பக்கம் விவசாயம். மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும் போடுகிறேன். நீங்கள் எழுதியதில் பாதி புரிந்தது, ஆனால் விடாமல் படித்தேன். முடிச்சை வெட்டிச் சிவப்பு பார்ப்பது எங்களுக்கும் வழக்கம். சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, வெள்ளையாக இருந்தால் வெறும் முடிச்சு, பச்சையாகிவிட்டால் முடிந்தது கதை.

என் சந்தேகம்: நாங்கள் விதைநேர்த்திக்குப் பாக்கெட்டில் வாங்கும் ரைசோபியம் உள்ளே போவதற்கு முன்னால் இருக்கும் உறையோடு இருப்பதா, போன பின் மாறிய உறையோடு இருப்பதா? இரண்டாவது, பட்டாணிக்குச் சொன்னது மல்லாட்டைக்கும் பொருந்துமா?

வெளிச்சவ்வு | திங்கள், காலை 7.30

செம்மண்காடு ஐயா, பாக்கெட்டில் இருப்பது குடுவை உறையோடு இருக்கும் சுதந்திர ரைசோபியம். காற்றோட்டமாக வளர்த்து, கரித்தூள் போன்ற தாங்கு பொருளில் கலந்து தருகிறார்கள். அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தும்போதும் அது அப்படியேதான். உறை மாறுவது வேருக்குள் இடம் கிடைத்த பிறகு. மல்லாட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே கதை நிறையவே வேறு. மாலை எழுதுகிறேன்.

நுண்நோக்கி | திங்கள், முற்பகல் 11.05

வெளிச்சவ்வு அக்கா சொன்ன அளவீடுகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலுறை மாறுகிறது என்பது ஒன்று, அந்த மாற்றம் இல்லாமல் கூட்டுவாழ்வு நடக்காது என்பது வேறு. ஆக்சிஜன் குறைந்தால் பாக்டீரியாவில் எத்தனையோ மாறும். அதில் எது தேவை, எது கூடவே நடக்கும் பக்க விளைவு என்று பிரிக்க வேண்டாமா?

28 கார்பன் வாலையே எடுத்துக்கொள்வோம். அதை லிப்பிட் ஏ-யில் சேர்க்க ஏசிபி-எக்ஸ்எல் என்ற மரபணு வேண்டும். 3841 ரகத்தில் அந்த மரபணுவை உடைத்துவிட்டுப் பார்த்தால், குடுவையில் வளர்ந்த செல்லில் அந்த வால் இல்லை. அமிலம், உப்பு போன்ற அழுத்தங்களைத் தாங்குவதும் குறைந்தது. ஆனால் பட்டாணியில் முடிச்சு வந்தது, தாமதமாக வந்தாலும் நைட்ரஜனும் நிலைப்பட்டது. குதிரைமசாலில் வாழும் சினோரைசோபியம் மெலிலோட்டியிலும் இதே மரபணுவை உடைத்தால் முடிச்சு நிலைக்கிறது. அப்படியானால் அந்த நீண்ட வால் இல்லாமலும் வாழ்க்கை ஓடுகிறது என்றுதானே பொருள்?

வெளிச்சவ்வு | திங்கள், மாலை 5.50

நுண்நோக்கி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் பட்டாணி மியூட்டன்ட் (மரபணு உடைந்த ரகம்) கதையின் அடுத்த பகுதியையும் சேர்க்க வேண்டும். 2006இல் அதே ஏசிபி-எக்ஸ்எல் மியூட்டன்ட்டின் பாக்டீராய்டுகளைப் பட்டாணி முடிச்சிலிருந்து எடுத்து லிப்பிட் ஏ-யை ஆராய்ந்தார்கள். குடுவையில் அறவே இல்லாத அந்த 28 கார்பன் வால் பாக்டீராய்டில் இருந்தது. முழு அளவில் இல்லை, ஆனால் திட்டவட்டமாக இருந்தது. மரபணு உடைந்த பிறகும் முடிச்சின் சூழல் வேறு வழியில் அந்த வாலைப் போட வைத்திருக்கிறது!

இதை முதலில் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு பொருள் வேண்டாதது என்றால் உயிர் அதற்கு இன்னொரு வழி வைத்திருக்குமா? அதனால் "வால் இல்லாமல் ஓடுகிறது" என்று அந்த மியூட்டன்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. உள்ளே போனதும் அது வாலோடுதான் இருந்தது.

குதிரைமசால் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே தேவை அவ்வளவு கறாராக இல்லை.

ஐயா கேட்ட மல்லாட்டைக்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ஏன் செடிக்குச் செடி வேறுபடுகிறது என்று புரியாது. பட்டாணி, குதிரைமசால், கிளோவர், கொண்டைக்கடலை எல்லாம் ஒரு குடும்பக் கிளை. அந்தக் கிளையில் செடி தன் முடிச்சுக்குள் என்சிஆர் என்ற சிறு பெப்டைடுகளை, அதாவது குட்டிப் புரதங்களைச் சுரக்கிறது. குதிரைமசாலின் உறவான மெடிகாகோ ட்ரன்கட்டுலாவில் மட்டும் ஏறக்குறைய 700 என்சிஆர் மரபணுக்கள். பல பெப்டைடுகள் நேர்மின்சுமை கொண்டவை, பாக்டீரியாவின் எதிர்மின்சுமையுள்ள சவ்வில் போய் ஒட்டித் துளைக்கக்கூடியவை. நம் உடலில் கிருமியைக் கொல்லும் டிஃபென்சின்களுக்கு அமைப்பில் நெருக்கமானவை. குடுவையில் வைத்துக் கொடுத்தால் சில என்சிஆர்கள் ரைசோபியத்தையே கொன்றுவிடும். முடிச்சுக்குள்ளோ கொல்வதில்லை, வேறொன்று செய்கின்றன: செல் பிரிவதை நிறுத்தி, டிஎன்ஏ மட்டும் பெருகிக்கொண்டே போகச் செய்கின்றன. பாக்டீராய்டு பல மடங்கு நீண்டு, பட்டாணியில் ஒய் எழுத்து மாதிரி கிளைத்துவிடுகிறது. டிஎன்ஏ நகல்கள் 24 வரை போவதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் செல் பெருகவே முடியாது. 2006இல் மெர்கேர், கொண்டொரோசி குழு முதலில் இதைக் காட்டியது, 2010இல் அதன் காரணம் என்சிஆர் என்று தெரிந்தது. வேலை நடந்தது பாரிஸுக்கு அருகில் உள்ள ஜிஃப்-சூர்-இவெட்டில்.

ஆகவே ஈரமண், உங்கள் 'மாறுவேடம்' என்ற சொல்லில் எனக்குக் குறை தெரிவது இங்கேதான். உள்ளே போன பாக்டீரியாவைச் செடி நன்றாகப் பார்க்கிறது. பார்த்து, நூற்றுக்கணக்கான பெப்டைடுகளை அதன் மேல் கொட்டுகிறது. அந்தப் பொழிவில் நின்று வேலை செய்வதற்கேற்ற கூரைதான் மேலுறை மாற்றம் என்பது என் எண்ணம். பாம்பு சட்டை உரிப்பதும் பொருந்தாது. பாம்புச் சட்டை செத்த தோல், கழற்றி வேலியில் விட்டுவிட்டுப் போய்விடும். இங்கே சவ்வு பிய்ந்து விழுவதில்லை. இருந்த தறியிலேயே வேறு நூல் போட்டு நெய்துகொண்டே போகிறது.

ஈரமண் | திங்கள், இரவு 8.15

அக்கா, இரண்டு முறை படித்தேன். பெப்டைடுகள் ரைசோபியத்தைக் கொல்லக்கூடியவை என்றால், கொல்லாமல் இருப்பது மேலுறையால்தான் என்று எப்படித் தெரியும்?

நுண்நோக்கி | திங்கள், இரவு 9.00

இதற்கு நானே பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த சோதனை இது.

உள்சவ்வில் பேக்-ஏ என்ற ஒரு புரதம் இருக்கிறது. 1993இல் கிளேஸ்புரூக், இச்சிகே, வாக்கர் மூவரும் சினோரைசோபியத்தில் அந்த மரபணுவை உடைத்தார்கள். தொற்று இழை உருவாயிற்று, பாக்டீரியா செடியின் செல்லுக்குள்ளும் விடப்பட்டது, விட்ட கொஞ்ச நேரத்தில் அழிந்துபோனது. 2011இல் இதற்கு விளக்கம் கிடைத்தது. என்சிஆர் பெப்டைடுகளை முடிச்சுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத ஒரு மெடிகாகோ மியூட்டன்ட் செடியில் அதே பேக்-ஏ இல்லாத பாக்டீரியாவை விட்டால், அது அப்படிச் சாகவில்லை. பெப்டைடு வந்தால் சாகிறது, வராவிட்டால் பிழைக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

பேக்-ஏ உடைந்த செல்லில் லிப்பிட் ஏ-யின் நீண்ட வாலும் குறைந்துபோகிறது. ஆனால் வால் குறைவது மட்டுமே சாவுக்குக் காரணம் என்று சொல்லிவிட வேண்டாம். பேக்-ஏ பெப்டைடுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையும் செய்கிறது, சவ்வில் வந்து குவிவதை அப்படிக் குறைக்கிறது என்று கருதுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை.

இன்னொன்று. 2010இல் ரைசோபியம் லெகுமினோசாரத்தில் பேக்-ஏ-வை உடைத்துப் பட்டாணியிலும் பீன்ஸிலும் விட்டார்கள். பட்டாணியில் பாக்டீராய்டு உருவாகவில்லை. பீன்ஸில் ஒரு குறையும் இல்லை, நைட்ரஜன் நிலைப்பட்டது. பீன்ஸ் என்சிஆர் சுரக்காத கிளை. அக்கா சொன்ன கூரைக் கருத்துக்கு இது நல்ல ஆதாரம் என்பதால், காலையில் எழுதிய சந்தேகத்தில் பாதியை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மனித நோயோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. மாடு ஆடுகளில் கருச்சிதைவையும் மனிதர்களில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் உண்டாக்கும் புருசெல்லா, ரைசோபியத்துக்கு உறவுக்காரன். அதன் லிப்பிட் ஏ-யிலும் இதே நீண்ட வால் இருக்கிறது, பேக்-ஏ-வும் இருக்கிறது. அதில் பேக்-ஏ-வை உடைத்தால் விலங்கின் செல்லுக்குள் நீண்ட நாள் தங்க முடியவில்லை என்று 2000இல் காட்டினார்கள். ஒன்று நமக்கு உரம் போடுகிறது, இன்னொன்று நோய் தருகிறது. வேறோர் உயிரின் செல்லுக்குள் நெடுநாள் தங்க இரண்டுக்கும் வேண்டியிருக்கும் சாமான் ஒன்றுதான்.

கிளிநொச்சி_வயல் | செவ்வாய், காலை 6.40

வணக்கம். நாங்கள் இங்கே கௌபியும் கச்சானும் மாற்றி மாற்றிப் போடுகிறோம் (உங்கள் ஊரில் தட்டைப்பயறும் நிலக்கடலையும்). இரண்டிலும் முடிச்சு நன்றாகவே வரும். இரண்டுக்கும் ஒரே இன ரைசோபியம்தான் போகும் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னவர். அப்படியென்றால் இரண்டுக்குள்ளும் போன பிறகு ஒரே மாதிரித்தான் இருக்குமோ?

வெளிச்சவ்வு | செவ்வாய், மாலை 6.20

கிளிநொச்சி அண்ணா, செம்மண்காடு ஐயா, இருவருக்கும் சேர்த்தே பதில்.

இனம் ஒன்றாக இருக்கலாம், உள்ளே எடுக்கும் வடிவம் ஒன்றில்லை. 1980களில் சென், வீவர் என்ற இருவர் 32எச்1 என்ற ஒரே ரகத்தைத் தட்டைப்பயறிலும் நிலக்கடலையிலும் விட்டுப் பார்த்தார்கள். தட்டைப்பயறில் பாக்டீராய்டு சிறு கோலாக, ஏறக்குறைய மண்ணில் இருந்த அதே உருவத்தில் இருந்தது. நிலக்கடலையில் உப்பி உருண்டையாகிவிட்டது. உருண்டை ஆனவை அதிக வேகத்தில் நைட்ரஜன் நிலைப்படுத்தின. 2010இல் ஊனோவும் டெனிசனும் மறுபடி ஒப்பிட்டபோதும் உப்பிய வகைதான் செலவழித்த உணவுக்கு அதிக நைட்ரஜன் கொடுத்தது. ஒரே பாக்டீரியா, ஒரே மரபணுத் தொகுதி. வீட்டுக்காரர் மாறியதும் உருவமே மாறுகிறது.

நிலக்கடலையில் இன்னும் ஒரு வித்தியாசம்: அங்கே தொற்று இழையே கிடையாது. பக்கவேர் புறத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு விரிசல் விழும். பாக்டீரியா அந்த விரிசல் வழியாகச் செல்களுக்கு இடையில் புகுந்து உள்ளே போகும். பக்கவேர்க் கக்கங்களிலேயே முடிச்சுகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆகவே பட்டாணியில் இழைக்குள் ஊர்ந்து போகத் தேவைப்படும் மேலுறை நுணுக்கங்களை நிலக்கடலைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

செம்மண்காடு | செவ்வாய், இரவு 7.45

கக்கத்தில் வரிசையாக இருப்பது உண்மைதான் அம்மா. இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நாளைக் காலை நாற்பது நாள் பயிரில் ஒரு செடியைப் பிடுங்கி உளுந்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

ஈரமண் | செவ்வாய், இரவு 8.30

மாறுவேடம் என்ற சொல்லை உள்ளே போன பிறகான காலத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் உள்ளே போகும் வரை? தொற்று இழையில் இருக்கும்போது செடி இதைக் கிருமி என்று எண்ணி அடைக்காமல் இருக்க வேண்டுமே. பாக்டீரியா வெளியே சுரக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியான அந்த வழவழப்பான புறப்பாலிசாக்கரைடு ஒரு போர்வையாக மறைக்கிறது என்று படித்தேன்.

வெளிச்சவ்வு | செவ்வாய், இரவு 10.10

இதிலும் 'மறைப்பது' என்ற சொல்லை விட 'காட்டுவது' என்ற சொல் நெருங்கி வருகிறது.

1985இல் லீ, சிக்னர், வாக்கர் மூவரும் சினோரைசோபியத்தைக் கால்கோஃப்ளூர் என்ற சாயம் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். புறஊதா ஒளியில் வைத்தால் ஒவ்வொரு காலனியும் நீலமாக ஒளிரும், ஏனென்றால் அது சுரக்கும் சக்சினோகிளைக்கன் என்ற புறப்பாலிசாக்கரைடில் அந்தச் சாயம் ஒட்டும். ஆயிரமாயிரம் ஒளிரும் புள்ளிகளுக்கு நடுவில் இருட்டாக நிற்கும் ஒரு சில காலனிகளைத் தேடிப் பொறுக்கினார்கள். அவற்றைக் குதிரைமசாலில் விட்டால் முடிச்சு வந்தது, உள்ளே பாக்டீரியா இல்லை. வெறும் கூடு. தொற்று இழை பாதி வழியில் நின்றுபோயிருந்தது. (எனக்கு அந்த வேலை செய்து பார்க்கும் வாய்ப்பு ஒரு முறை கிடைத்தது. இருட்டறையில் தட்டின் மேல் குனிந்து ஒளிராத புள்ளியைக் கண்டுபிடிக்கும் அந்த நொடியை மறக்க முடியாது.)

இதை மட்டும் பார்த்தால் போர்வை என்றும் சொல்லலாம். ஆனால் லோட்டஸ் ஜப்போனிகஸ் என்ற செடியில் (பெயரைப் பார்த்துத் தாமரை என்று நினைக்க வேண்டாம், இது ஒரு சிறு பயறு வகைக் களை) வேறு செய்தி கிடைத்தது. அதன் ரைசோபியத்தில் புறப்பாலிசாக்கரைடே சுரக்காத மியூட்டன்ட் ஓரளவு உள்ளே போய்விடுகிறது. அரைகுறையாக, வெட்டுப்பட்ட சங்கிலியோடு சுரக்கும் மியூட்டன்ட்டைத்தான் செடி வாசலிலேயே நிறுத்துகிறது. 2015இல் அதன் காரணம் தெரிந்தது: செடியின் செல் மேல் இபிஆர்3 என்ற ஏற்பி இருக்கிறது, அது அந்தச் சர்க்கரைச் சங்கிலியைத் தொட்டுப் படிக்கிறது. அந்த ஏற்பி இல்லாத செடியில் வெட்டுப்பட்ட சங்கிலிக்காரன் முன்பை விட நன்றாக உள்ளே போகிறான்.

போர்வை என்றால் போர்வையே இல்லாதவன்தான் முதலில் மாட்ட வேண்டும். இங்கே மாட்டுவது தவறான முத்திரையோடு வந்தவன். ஆகவே செடி அதைப் பார்க்கிறது, படிக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அந்த முத்திரை வேலை தொற்று இழையோடு முடிந்துவிடுகிறது. உள்ளே சேர்ந்த பிறகு புறப்பாலிசாக்கரைடு மரபணுக்கள் அடங்கிவிடும், நீந்த உதவும் கசையிழையின் மரபணுக்களும் அடங்கும். பட்டாணியில் ரோப்-ஏ என்ற வெளிச்சவ்வுப் புரதம் முடிச்சின் ஒரு குறிப்பிட்ட குறுகிய பட்டையைத் தாண்டியதும் சட்டென்று நின்றுபோகிறது. வெட்டிய முடிச்சில் அந்த எல்லையைக் கோடு போட்ட மாதிரி பார்க்கலாம்.

பீன்ஸில் மாற்றம் இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. கறுப்பு விதை பீன்ஸின் தோலில் இருந்து கசியும் அந்தோசயனின் நிறமி பட்டாலே ரைசோபியம் எட்லியின் எல்பிஎஸ், எதிர்ப்பொருள் அடையாளம் காண முடியாதபடி மாறிவிடுகிறது. அது வேரைத் தொடுவதற்கும் முன்னால்!

காவிரிக்கரை | புதன், காலை 10.30

எங்கள் ஊர்ச் செடி ஒன்றும் இந்தக் கூட்டத்தில் சேரும். தஞ்சாவூரில் கோவில், யானை, நாதஸ்வரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று செதுக்குகிறார்களே, அந்த நெட்டி. குளத்தில் வளரும் ஈஸ்கைனோமெனி ஆஸ்பெரா. அதுவும் பயறு வகைதான். அந்தப் பேரினத்துச் செடிகளில் பல, தண்டிலேயே முடிச்சு விடும். சிலவற்றோடு வாழும், ரைசோபியத்தின் உறவான பிராடிரைசோபியத்தில் நாட் காரணியைச் செய்யும் நாட் மரபணுக்களே இல்லை என்று 2007இல் வந்த செய்தி அப்போது பெரிய அதிர்ச்சி.

மேலுறை விஷயத்திலும் அது தனி. பிடிஏஐ1 என்ற ரகத்தின் லிப்பிட் ஏ-யின் நீண்ட வாலோடு ஹோபனாய்டு என்ற மூலக்கூறு வேதிப்பிணைப்பில் கோத்திருக்கிறது, 2014இல் கண்டறிந்தார்கள். ஹோபனாய்டு நம் செல்லில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைச் செய்வது, சவ்வை இறுக்கும். ஹோபனாய்டு செய்ய முடியாத மியூட்டன்ட் அழுத்தங்களைத் தாங்கவில்லை, முடிச்சுக்குள்ளும் சரியாக நிலைக்கவில்லை. நெட்டியிலேயே இந்தச் சோதனை நடந்தது என்று சொல்லவில்லை, அதன் உறவுச் செடியில் நடந்தது.

நுண்நோக்கி | புதன், பிற்பகல் 1.15

காவிரிக்கரை, நன்றி. இந்தப் பேரினத்துச் செடிகளும் என்சிஆர் போன்ற பெப்டைடுகளைச் சுரக்கின்றன என்று 2015இல் காட்டினார்கள். பட்டாணிக் கிளைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டு இடத்திலும் செடி பெப்டைடு பொழிகிறது, இரண்டு இடத்திலும் பாக்டீரியா சவ்வைக் கெட்டிப்படுத்துகிறது. நிலக்கடலையும் நெட்டி இருக்கும் கிளையில்தான் வருகிறது என்பதை ஐயா கவனிக்க வேண்டும்.

செம்மண்காடு | புதன், மாலை 6.00

காலையில் பிடுங்கிப் பார்த்தேன். மல்லாட்டையில் முடிச்சு எல்லாம் பக்கவேர் கக்கத்தில்தான், சின்னச் சின்னதாக மிளகு போல, நெருக்கமாக. உளுந்தில் கொஞ்சம் பெரிதாக, அங்கங்கே. மல்லாட்டை முடிச்சை நகத்தால் கிள்ளினால் ரத்தம் கட்டின மாதிரிச் சிவப்பு, விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

ஒரு யோசனை. இந்த முடிச்சுகளை நசுக்கி அடுத்த பட்டத்து விதையில் பூசினால் ஆகாதா? உள்ளே ஏற்கெனவே பழகினவன்தானே.

வெளிச்சவ்வு | புதன், இரவு 8.50

ஐயா, மனதில் தோன்றியதை அப்படியே கேட்டீர்கள், சந்தோஷம். அந்தப் "பழகினவன்" என்பதில்தான் சிக்கல். பட்டாணி, குதிரைமசால் முடிச்சில் முழுதாக மாறிய பாக்டீராய்டு, திரும்ப மண்ணில் விட்டால் பெருகாது. நைட்ரஜன் கொடுக்கும், வாரிசு கொடுக்காது. அந்த முடிச்சு அழுகியபின் மண்ணுக்குத் திரும்புவது தொற்று இழைகளில் இன்னும் மாறாமல் தங்கியிருந்த செல்கள்தான். உளுந்து, தட்டைப்பயறு, சோயாவில் அப்படி இல்லை, உள்ளே இருந்தவையே வெளியே வந்து மறுபடி பெருகக்கூடியவை.

நசுக்கிப் பூசினால் சில செல்கள் பிழைத்து வரலாம், ஆனால் எத்தனை என்று உங்களால் அளக்க முடியாது, கூடவே வேறு பூஞ்சை பாக்டீரியாவும் வந்துசேரும். பாக்கெட்டில் எண்ணிக்கை உறுதி, ரகமும் தேர்ந்தெடுத்தது. அதையே கஞ்சியில் கலந்து பூசுங்கள். விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி போட்டிருந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியத்தைப் பூசுங்கள்.

ஈரமண் | வியாழன், காலை 9.10

எங்கள் துறையில் பேசினேன். சிறு ஆய்வுத் திட்டமாகச் செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. பட்டாணி முடிச்சிலிருந்து எடுத்த பாக்டீராய்டு, குடுவையில் காற்றோட்டத்தோடு வளர்த்தது, குறைந்த ஆக்சிஜனில் வளர்த்தது, மூன்றையும் எண்ணெய் மாதிரியான ஹைட்ரோகார்பனான ஹெக்சாடெக்கேனோடு குலுக்கி, அடியில் இருக்கும் நீரின் கலங்கல் எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் போகிறேன். முடிந்தால் பீனால் முறையும். கவனிக்க வேண்டியது ஏதாவது?

வெளிச்சவ்வு | வியாழன், காலை 9.55

முடிச்சைக் கிள்ளியதும் பனிக்கட்டியில் வையுங்கள், அரைக்கும்போது செடியின் சளிப்பொருள் செல்லோடு ஒட்டிவிட்டால் ஹெக்சாடெக்கேன் சோதனை ஏமாற்றும். அதனால் குறைந்தது மூன்று முறை கழுவுங்கள். மூன்று மாதிரியும் ஒரே கலங்கல் அளவில் தொடங்க வேண்டும். குலுக்கிய பிறகு கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு எடுங்கள்.

பீனாலை வேதிப்புகைக் கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள், தோலில் பட்டால் வலிக்காமலேயே புண்ணாக்கும். பிரிந்த பிறகு இரண்டு அடுக்கையும் தனித்தனிக் குழாயில் எடுத்துப் பெயர் எழுதி, இரண்டையும் டயாலிசிஸ் பையில் போடுங்கள். ஜெல்லில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றுங்கள். வந்ததும் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.